கைராசி விலாசம்

மாமல்லபுரம்
20.1.2002

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை பூங்கொடி எழுதிக்கொள்வது. இங்கே அம்மாவும் நானும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை. உன் உடம்பு எப்படியிருக்கிறது என்று முதல் வரியிலேயே எழுது. மற்றதெல்லாம் அப்புறம்.

செகந்திராபாத்திலிருந்து உங்கள் மொத்தப் படையையும் ரயிலேற்றி எல்லைக்குக் கொண்டுபோகிறார்கள் என்று நீ எழுதிய கார்டு பொங்கலன்றுதான் வந்தது. அம்மா பானையை அப்படியே இறக்கிவைத்துவிட்டு டி.வி. முன்னால் உட்கார்ந்துவிட்டாள். அதில் தினமும் ஒரு கோட்டுப்போட்ட ஆள் மேப்பை மாட்டிவைத்துக்கொண்டு குச்சியால் குத்திக்குத்திக் காட்டுகிறான். குச்சி படுகிற இடத்திலெல்லாம் நீ நிற்பதாக அம்மாவுக்கு நினைப்பு. பார்லிமெண்டைத் தாக்கியவர்களுக்குப் பாடம் கற்பிப்போம் என்கிறார்கள். பாடம் நடத்தப் போகிறவர்கள் டெல்லியில் இருக்கிறார்கள், நீ போய் மணலில் நிற்கிறாய். எனக்கு இது விளங்கவில்லை.

நான் வேலை பார்க்கும் லாட்ஜில் வெள்ளைக்காரர்கள் பாதிப்பேர் ரூமைக் காலிசெய்துகொண்டு போய்விட்டார்கள். நம் வாசல் அறையில் குடியிருக்கிற சால்வைக்கடை பஷாரத் பாய்க்கும் வியாபாரம் படுத்துவிட்டது. "போன சீசன்ல ஒரு நாள்ல வித்தது இந்த மாசம் பூரா விக்கலே" என்று சிரிக்கிறார். அழ வேண்டிய இடத்தில் சிரிக்கிற மனுஷன் அவர்.

இந்தக் கடிதத்துக்கும் விலாசம் அவர்தான் எழுதுகிறார். நான் எழுதுகிறேன் என்றால் அம்மா விடுவதில்லை. கார்கில் சண்டையின்போது இரண்டு மாசம் உன்னிடமிருந்து தகவலே இல்லாமல் அம்மா சோறு இறங்காமல் கிடந்தாளே, அப்போது புதிதாகக் குடிவந்த பாய் ஒரு இன்லண்டில் விலாசம் எழுதிக்கொடுத்தார், ஒரே வாரத்தில் உன் பதில் வந்தது. அன்றைக்குப் பிடித்தது. "அவரு கைராசி, நைனா பத்திரமா கீறான். உன் கை வேணாம்டி" என்கிறாள். பத்தாவது வரை படித்தவள் நான். என் இங்கிலீஷுக்கு வீட்டில் இவ்வளவுதான் மரியாதை.

அம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "இன்னா நைனா, நேரத்துக்குத் துன்றியா? அங்க குளிரு சாஸ்தியாமே. மப்ளர் கட்டிக்க."

அன்புத் தங்கை,
பூங்கொடி


6.2.2002

அன்புள்ள தங்கை பூங்கொடிக்கு,

அண்ணன் பார்த்திபன் ஆசீர்வாதம். நான் நல்ல சுகம். நீ கேட்டபடி முதல் வரியிலேயே எழுதிவிட்டேன். அம்மாவைக் கால் வலிக்குக் கல்பாக்கம் பஸ் ஏறிப் போய் டாக்டரிடம் காட்டச் சொல். எண்ணெய் தேய்த்தே காலத்தை ஓட்டப் பார்ப்பாள், விடாதே.

ஊர்ப் பெயர் எழுதக்கூடாது. மணல் என்று நீ எழுதியது சரி, ஆனால் நடுநடுவே கடுகு வயலும் இருக்கிறது. மஞ்சளாகப் பூத்துக் கிடக்கிறது. அந்த வயலில்தான் நாங்கள் கண்ணிவெடி புதைக்கிறோம். வயல்காரர்கள் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு கிழவர் என்னிடம் வந்து, அறுவடை எப்போது செய்யட்டும் என்று கேட்டார். சுபேதார் சாப் அவருக்கு ஒரு சல்யூட் அடித்துவிட்டுப் போய்விட்டார்.

எதிரியை இதுவரை நான் பார்க்கவில்லை. நாளைக்கு யுத்தம், நாளை மறுநாள் யுத்தம் என்று தினமும் சொல்கிறார்கள். இங்கே ரேடியோவில் கேட்டால் நாங்கள் பாய்வதற்குத் தயாராக நிற்கிறோமாம். நாங்கள் குழிவெட்டிக்கொண்டிருக்கிறோம். யுத்தம் டி.வி.யில்தான் நடக்கிறது என்று அம்மாவிடம் சொல், நிம்மதியாகத் தூங்குவாள்.

உன் கடிதம் வந்தால் டென்டில் எல்லோரும் விலாசத்தைத்தான் முதலில் பார்க்கிறார்கள். "யாருடா உனக்கு இவ்வளவு அழகா விலாசம் எழுதுறது, கான்வென்ட் பொண்ணா?" என்று கிண்டல். தாடி வைத்த காஷ்மீர்க்காரர் என்று சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறான்கள். போன லீவில் பாய் சமைத்துக்கொடுத்த ஆட்டுக்கறியை நினைத்தால் இங்கே ரொட்டி உள்ளே இறங்க மறுக்கிறது. அவருக்கு என் சலாம் சொல். அம்மா காலில் விழுந்து கும்பிடுகிறேன்.

உன் அண்ணன்,
பார்த்திபன்


மாமல்லபுரம்
18.3.2002

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் நலம். உன் கடிதத்தை அம்மா தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு படுக்கிறாள். டாக்டரிடம் காட்டியாயிற்று. மாத்திரை போடுகிறாள், எண்ணெயையும் விடவில்லை.

இங்கே இப்போது எச்சரிக்கைக் காலம். கல்பாக்கம் அணுமின் நிலையத்துக்குக் கடல் வழியாகத் தீவிரவாதிகள் வரப்போகிறார்கள் என்று ஜீப்பில் மைக் கட்டிக்கொண்டு கடப்பாக்கம் வரைக்கும் சொல்லிக்கொண்டு போகிறார்கள். சந்தேகப்படும்படியான ஆளைப் பார்த்தால் தகவல் சொல்ல வேண்டுமாம். சந்தேகப்படும்படியான ஆள் எப்படி இருப்பான் என்று ஜீப் சொல்லவில்லை. மீன்பிடிக்கிறவர்களை ஒரு வாரம் கடலில் இறங்கவிடவில்லை. போன மாசம் வெள்ளிக்கிழமை வருகிறார்கள் என்றார்கள், வரவில்லை. மாசிமகத்துக்கு வருகிறார்கள் என்றார்கள், வரவில்லை. வரவில்லையே, நீங்கள் சொன்னது தப்பா என்று யாரும் போய்க் கேட்கவில்லை. அதற்குள் அடுத்த எச்சரிக்கை வந்துவிடுகிறது. மந்திரி யாராவது இந்தப் பக்கம் வருவதாக இருந்தால் எச்சரிக்கை கொஞ்சம் பலமாகவே இருக்கிறது.

பாயிடம் கேட்டேன். அவர் அனந்த்நாக்கிலிருந்து இதற்கெல்லாம் தப்பித்து வந்தவர். "எங்க ஊர்ல இந்த ஜீப் டெய்லி வரும் பெஹன். ஜீப் வந்தா கதவு மூடுவோம். தீவிரவாதிக்குப் பயந்து இல்லே, ஜீப்புக்குப் பயந்து" என்றார். அதையும் சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

அடுத்த மாசம் சரக்கு எடுக்க அவர் டெல்லி போவதாக இருக்கிறார். அம்மாவுக்கு உடனே கவலை வந்துவிட்டது, அவர் இல்லாதபோது விலாசம் யார் எழுதுவது என்று. ஒரு கட்டு இன்லண்ட் வாங்கிவந்து அவர் முன்னால் வைத்து எல்லாவற்றிலும் உன் நம்பர், ரேங்க், யூனிட், 56 ஏ.பி.ஓ. வரை எழுதி வாங்கி அரிசி டப்பாவுக்குப் பக்கத்தில் பத்திரப்படுத்தியிருக்கிறாள். இதுவும் அதில் ஒன்று.

இன்னொரு சேதி. கல்பாக்கத்தில் டெக்னீஷியனாக இருக்கும் அருணகிரி என்கிறவர் வீட்டிலிருந்து என்னைப் பார்த்துவிட்டுப் போனார்கள். திருக்கழுக்குன்றத்துக்காரர்கள். பிடித்திருக்கிறதாம். எனக்கும் ஒன்றும் மறுப்பில்லை. நீ லீவில் வந்ததும் பேசி முடிக்கலாம் என்கிறாள் அம்மா.

குளிர் விட்டிருக்கும். வெயிலில் தலைக்குத் துணி கட்டிக்கொள்.

அன்புத் தங்கை,
பூங்கொடி


9.4.2002

அன்புள்ள பூங்கொடிக்கு,

நான் சுகம். அம்மாவும் நீயும் சுகம் என்று நம்புகிறேன். கல்பாக்கம் வரன் கேட்டு மனசு நிறைந்தது. நல்ல இடம், விடாதே.

எனக்கு நிறைந்த ஒரே சேதி அதுதான். மதுராந்தகம் செங்கல்வராயனை உனக்கு நினைவிருக்கும். போன வருஷம் என்னோடு லீவில் வந்து நம் வீட்டில் கேழ்வரகுக் களி தின்றானே, அவன். போன வாரம் அவன் கால் போய்விட்டது. எதிரி வைத்த வெடி இல்லை. நாங்கள் புதைத்தது. காற்று மணலைத் தள்ளிவிட்டது, வெடி போட்ட இடம் மாறிவிட்டது. அவனே புதைத்ததாகக்கூட இருக்கலாம். அவன் அம்மாவுக்கு விபத்து என்று தந்தி அடித்தார்கள். நீ படிக்கிற பேப்பரில் இது வராது. தேடிப்பார்த்து வந்திருந்தால் எழுது.

அதனால் சொல்கிறேன், அங்கே ஜீப் சொல்வதையெல்லாம் நம்பாதே. நாங்கள் இங்கே நிற்பதே பயம் காட்டத்தான். இந்தப் பக்கம் பாகிஸ்தான்காரனுக்குப் பயம் காட்டுகிறோம், அந்தப் பக்கம் உங்களுக்குப் பயம் காட்டுகிறார்கள். அவன் பயந்தானா தெரியாது. நீங்கள் பயந்தால் போதும், அவர்களுக்கு வேலை முடிந்தது.

பாயைப் பற்றி அக்கம்பக்கத்தில் எவனாவது வாய்விட்டால் என் பெயரைச் சொல். பார்டரில் நிற்கிறவன் சொன்னான், அவர் எங்கள் வீட்டு மனுஷன் என்று சொல். அதற்குமேல் எவன் பேசுகிறான் என்று பார்க்கலாம்.

இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துப்போடு. உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

உன் அண்ணன்,
பார்த்திபன்


மாமல்லபுரம்
27.5.2002

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம் விசாரித்துத்தான் ஆரம்பிக்க வேண்டும். நீ நலமா? நாங்கள் நலமில்லை.

பஷாரத் பாயைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விட்டது. நம் அம்மாதான் கூட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு வந்தாள். பதறாதே, முழுசாகப் படி.

இந்த மாசம் ஜம்முவில் ராணுவக் குடும்பங்களைச் சுட்டுக்கொன்றார்களே, அதற்கப்புறம் இங்கே ஜீப் காலையும் மாலையும் வருகிறது. வெளி மாநிலத்து ஆள் குடியிருந்தால் வீட்டுக்காரர் ஸ்டேஷனுக்கு வந்து பதிய வேண்டும், இல்லாவிட்டால் வீட்டுக்காரர் மேலும் நடவடிக்கை என்றார்கள். பாய் வருஷா வருஷம் தானே போய்ப் பதிந்துகொண்டு வருகிறவர். இந்தத் தடவையும் தனியாகவே போகிறேன் என்றார். அம்மா கேட்கவில்லை. ராணுவக்காரன் அம்மா கூட வந்தால் மரியாதையாக நடத்துவார்கள் என்று நல்ல சேலை கட்டிக்கொண்டு கிளம்பினாள். நான் லாட்ஜில் இருந்தேன்.

அங்கே இன்ஸ்பெக்டர், இந்த ஆளை உனக்கு எவ்வளவு நாளாகத் தெரியும் என்று கேட்டிருக்கிறார். அம்மா சும்மா இருந்திருக்கலாம். பாய் எவ்வளவு நல்லவர் என்று காட்டுவதற்காகக் கையோடு கொண்டுபோயிருந்த அந்த இன்லண்ட் கட்டை எடுத்து மேசைமேல் வைத்திருக்கிறாள். "என் புள்ளை பட்டாளத்துல கீறான் சார். அவனுக்கு விலாசம் எழுதறது பூரா இந்த பாய்தான். மூணு வருசமா எழுதறாரு. அவரு கைராசி, என் புள்ளை நல்லா கீறான்" என்று சொல்லியிருக்கிறாள்.

இன்ஸ்பெக்டர் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தாராம். எல்லாவற்றிலும் உன் யூனிட், ஒரே கையெழுத்து, காஷ்மீர்க்காரன் கையெழுத்து. அம்மாவுக்கு டீ வாங்கிக்கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார். பாய் கொஞ்சம் கழித்து வருவார் என்றாராம். அம்மா வந்து அவருக்கும் சேர்த்து உலை வைத்தாள்.

மறுநாள் பேப்பரில் "ராணுவ ரகசிய முகவரிகளுடன் காஷ்மீர் ஆசாமி சிக்கினான், கல்பாக்கத்துக்குக் குறியா?" என்று போட்டிருக்கிறார்கள். ரகசியமாம். நம் தபால்காரருக்குத் தெரிந்த ரகசியம்.

அண்ணா, ஜாமீன் கிடைக்காத அந்தப் புதுச் சட்டத்தில் போடப்போவதாகப் பேசிக்கொள்கிறார்கள். உன் ஒரு வரி போதும். இவரை எனக்குத் தெரியும், எங்கள் வீட்டில் குடியிருப்பவர், என் அம்மா கேட்டுத்தான் விலாசம் எழுதினார் என்று உன் ஆபீசரிடம் எழுதி வாங்கி அனுப்பு. உடனே அனுப்பு.

இந்த விலாசத்தை நான்தான் எழுதுகிறேன். அம்மா பக்கத்தில் நின்று அழுகிறாள்.

அன்புத் தங்கை,
பூங்கொடி


மாமல்லபுரம்
19.6.2002

அன்புள்ள அண்ணனுக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும். உன்னிடமிருந்து பதில் இல்லை. என் கையெழுத்தில் போனதால்தான் கடிதம் வந்து சேரவில்லை என்று அம்மா அடித்துச் சொல்கிறாள். மூன்று கடிதம் போட்டுவிட்டேன், இது நான்காவது.

பாயைச் செங்கல்பட்டு கோர்ட்டில் ஆஜர்படுத்தினார்கள். நான் பஸ் பிடித்துப் போய்ப் பார்த்தேன். தாடியை எடுத்துவிட்டார்கள். ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்தார். என்னைப் பார்த்ததும் சிரிப்பார் என்று நினைத்தேன். தலையைக் குனிந்துகொண்டார். அவரைத் தெரியும் என்று காட்டிக்கொண்டால் என்னையும் கேட்பார்கள் என்றுதான் அப்படிச் செய்தார். எனக்குப் புரிந்தது. புரிந்தும் நான் கிட்டே போகவில்லை அண்ணா. பயமாக இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததைக் கேள். ஒரு கட்சிக்காரர் ஆட்களோடும் போட்டோகிராபரோடும் நம் வீட்டுக்கு வந்தார். தீவிரவாதியைப் பிடித்துக்கொடுத்த வீரத்தாய் என்று அம்மாவுக்குப் பொன்னாடை போர்த்தினார். அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "இன்னாத்துக்குமா இது?" என்று என்னைக் கேட்கிறாள். நான் சொன்னேன். பொன்னாடையை உருவி அந்த ஆள் கையிலேயே கொடுத்து, "நான் புடிச்சிக் குடுக்கலப்பா, நான் நல்லவருன்னு சொல்லத்தான் போனேன்" என்றாள். அவர் சிரித்துக்கொண்டே, அம்மா ரொம்ப அடக்கமானவங்க என்று சொல்லிவிட்டுப் போனார். போட்டோ பேப்பரில் வந்தது, பொன்னாடையோடு.

அருணகிரி வீட்டிலிருந்து ஆள் அனுப்பிவிட்டார்கள். அவருக்குக் கல்பாக்கம் வேலைக்குப் போலீஸ் வெரிஃபிகேஷன் வருமாம், இந்தச் சமயத்தில் வேண்டாம் என்று. அது போகட்டும், எனக்கு அதில் பெரிய வருத்தமில்லை.

சீக்கிரம் எழுது. ஒரு வரி.

அன்புத் தங்கை,
பூங்கொடி


2.7.2002

அன்புள்ள தங்கைக்கு,

நலம். நலமறிய ஆவல். கடிதங்கள் எல்லாம் சேர்ந்தாற்போல் வந்தன. இங்கே வெயில் நூற்றுப் பதினெட்டு டிகிரிவரை போகிறது. தண்ணீர் லாரி வருகிறது, குறையில்லை.

என்னை ஆபீசில் கூப்பிட்டு விசாரித்தார்கள். உட்காரவைத்து டீ கொடுத்து மரியாதையாகத்தான் கேட்டார்கள். நீங்கள் பயப்பட வேண்டாம்.

இனிமேல் கடிதத்தில் அந்த விஷயம் எதுவும் எழுதாதே. செங்கல்பட்டு கோர்ட்டு என்று அலையவும் வேண்டாம். நீ ஒரு பெண். வரன் திரும்பி வரலாம், நாம் நடந்துகொள்வதைப் பொறுத்திருக்கிறது. உன் கல்யாணமும் அந்த வீடும் என் சம்பளத்தில்தான் நிற்கின்றன என்பதை நினைவில் வை. நான் முன்பு எழுதிய கடிதங்களைக் கிழித்துவிட்டாயா என்று மட்டும் எழுது.

அம்மாவை மாத்திரையை விடாமல் போடச் சொல்.

பார்த்திபன்


மாமல்லபுரம்
25.7.2002

அன்புள்ள அண்ணனுக்கு,

அம்மாவும் நானும் இருக்கிறோம். நீ நலம் என்று எழுதியதே பெரிய ஆறுதல்.

எழுதாதே என்றாய். எழுதாமல் என்ன செய்வது? உன்னிடம் சொல்லாமல் நான் வேறு யாரிடம் போய்ச் சொல்வேன்?

பாயின் தம்பி முஷ்டாக் அனந்த்நாக்கிலிருந்து வந்தார். இருபது வயசுகூட இருக்காது போலிருக்கிறது. மாமல்லபுரத்தில் ஒரு லாட்ஜிலும் அவருக்கு இடம் கொடுக்கவில்லை. நான் வேலை பார்க்கிற லாட்ஜிலும்தான். அடையாள அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு ரூம் இல்லை என்று சொன்னது நான்தான், மேனேஜர் பக்கத்திலேயே நின்றார். எல்லா ரூமும் காலியாகக் கிடந்தன. செங்கல்பட்டு ரயில்வே ஸ்டேஷன் பெஞ்சில் படுத்துவிட்டுக் காலையில் நம் வீட்டுக்கு வந்தார். அம்மா இட்லி வைத்தாள். தலை நிமிராமல் சாப்பிட்டார். பாய்க்கு மூன்று பெண் குழந்தைகளாம், நமக்கு இத்தனை நாளாகத் தெரியாது. அண்ணன் என்ன தப்பு செய்தார் என்று அவர் இங்கிலீஷில் கேட்டதை அம்மாவுக்குச் சொன்னேன். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நான்தான் செஞ்சேம்பா" என்றாள். அவருக்குத் தமிழ் புரியவில்லை.

அம்மா இப்போது ஸ்டேஷனுக்கு வாரா வாரம் போகிறாள். முட்டி வலியோடு நடந்தே போகிறாள். போன வாரம் இன்ஸ்பெக்டர் கொஞ்சம் இரங்கிப் பேசினார். "உங்க புள்ளையோட யூனிட்டுக்கு எழுதிக் கேட்டிருக்கோம்மா. இந்த ஆளைத் தெரியும், வூட்ல குடியிருந்தவருதான்னு அவரு சொல்லிட்டா கேஸ்ல ஒண்ணுமில்ல. எங்க கையிலயும் வேற எதுவும் கிடையாது" என்றார். அம்மா வீட்டுக்கு வந்து வாசல் அறையைப் பெருக்கிக் கழுவிவிட்டாள். "நைனா சொல்லிடுவான். அப்ப முடிஞ்சிது" என்கிறாள். அக்கம்பக்கத்தில் எல்லோரிடமும் சொல்லிவிட்டாள், பாய் ஆடி முடிவதற்குள் வந்துவிடுவார் என்று.

உன் கடிதங்களைக் கிழிக்கவில்லை. பாய் எங்கள் வீட்டு மனுஷன் என்று நீ எழுதியதைக் கோர்ட்டில் காட்டலாமா என்று வக்கீலைக் கேட்டேன். அதில் வெடி புதைத்த சமாச்சாரமும் இருக்கிறது, காட்டினால் உங்கள் அண்ணன் வேலை போய்விடும் என்றார். நான் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். உன்னை மாட்டிவிட்டு அவரைக் காப்பாற்ற எனக்கு மனசு வரவில்லை. நீயே கேட்டவர்களிடம் சொல்லிவிட்டால் அதற்குத் தேவையே இல்லை.

உன்னை நம்பித்தான் இங்கே எல்லாம் நிற்கிறது.

அன்புத் தங்கை,
பூங்கொடி


12.9.2002

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் மகன் பார்த்திபன் வணக்கம். இறைவன் அருளால் சுகமாக இருக்கிறேன். உங்கள் கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

ஒரு நல்ல செய்தி. எனக்கு லான்ஸ் நாயக் பிரமோஷன் கிடைத்திருக்கிறது. சம்பளம் கூடும். படையை எல்லையிலிருந்து திருப்பப் போவதாகப் பேச்சு அடிபடுகிறது. டிசம்பரில் லீவு கேட்டிருக்கிறேன், கிடைத்துவிடும். பூங்கொடி கல்யாணத்தை அப்போது பேசலாம். வாசல் அறையைச் சும்மா போட்டுவைக்க வேண்டாம். கல்பாக்கத்தில் வேலை பார்க்கிற குடும்பம் ஏதாவது வந்தால் வாடகைக்கு விடுங்கள். இங்கே பருவநிலை நன்றாக இருக்கிறது.

பூங்கொடியை எனக்கு நீண்ட கடிதம் எழுத வேண்டாம் என்று சொல்லுங்கள். லீவில் நேரில் பேசிக்கொள்ளலாம்.

அன்பு மகன்,
பார்த்திபன்


மாமல்லபுரம்
3.11.2002

அண்ணனுக்கு,

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக்காட்டினேன். பிரமோஷன் என்றதும் கைதட்டினாள். அப்புறம் "பாயப் பத்தி இன்னா எழுதிகிறான்?" என்று கேட்டாள். கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அதிகாரிகளிடம் சொல்லிவிட்டதாக எழுதியிருக்கிறாய் என்று படித்தேன். இல்லாததைப் படிப்பது அன்றைக்குத்தான் முதல் தடவை.

படையைத் திருப்பிவிட்டார்கள் என்று டி.வி.யில் சொன்னார்கள். சண்டையே போடாமல் ஜெயித்துவிட்டோமாம். அதே கோட்டுக்காரன், அதே மேப். ஜீப் இப்போது வருவதில்லை. கடல் வழியாக யாரும் வரவில்லை, வராதது பற்றி மைக்கில் யாரும் சொல்லவும் இல்லை. பாய் மட்டும் உள்ளே இருக்கிறார். ஆபத்து போய்விட்டதே, அவரை விட்டுவிடலாமே என்று கேட்கத்தான் போன திங்கட்கிழமை அம்மாவும் நானும் ஸ்டேஷனுக்குப் போனோம்.

அவரை வேறு மாநிலப் போலீசிடம் எப்போதோ ஒப்படைத்துவிட்டார்களாம். எந்த ஊர், எந்த ஜெயில் என்று சொல்ல முடியாது என்றார் இன்ஸ்பெக்டர். அம்மா விடவில்லை. "என் புள்ளை சொல்லிட்டானே சார், அப்புறமும் ஏன் அனுப்பிச்சீங்க?" என்றாள். அவர் என்னைத்தான் பார்த்துச் சொன்னார், அம்மாவைப் பார்க்கவில்லை. "உங்க அண்ணன் எழுத்து மூலமாவே குடுத்துட்டாரும்மா. அந்த ஆளை எனக்குத் தெரியாது, எங்க வூட்ல குடியிருந்ததும் தெரியாது, என் விலாசம் அவன் கையில எப்டி வந்திச்சின்னும் தெரியாதுன்னு. நாங்க இன்னா பண்றது?"

நான் உன்னைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. உன்னை டீ கொடுத்து உட்காரவைத்தவர்கள் என்ன கேட்டார்கள், எப்படிக் கேட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. நானும் கோர்ட்டில் அவர் கிட்டே போகாதவள்தான். அவர் தம்பிக்கு ரூம் இல்லை என்றவள்தான். உன்னைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆனாலும் நீ சொல்லிவிடுவாய் என்று இருந்தேன். ஆடி போனது, ஆவணி போனது, தீபாவளியும் வந்துவிட்டது, அப்போதும் இருந்தேன்.

அம்மா அழவில்லை. இன்ஸ்பெக்டர் முகத்துக்கு நேராகச் சிரித்தாள். வழியெல்லாம் என்னிடம் சொல்லிக்கொண்டே வந்தாள். "பொய் சொல்றாண்டி. கடல்ல படகு வருதுன்னானுங்க, வந்திச்சா? யுத்தம் வருதுன்னானுங்க, வந்திச்சா? அதே வாயிதான் இதையும் சொல்லுது. என் நைனா அப்டி எழுதுவானா? பாய்கூட ஒரே தட்டுல துன்ன புள்ள அவன்."

இந்த வருஷம் முழுக்க அரசாங்கம் சொன்ன எதையும் நான் நம்பவில்லை. நம்பாதே என்று எழுதிச் சொல்லிக்கொடுத்தவனே நீதான். அவர்கள் சொன்னதில் இந்த ஒன்றுதான் உண்மையாக இருந்தது.

"ஆமாம்மா, போலீஸ்காரன் பொய்தான் சொல்கிறான்" என்றேன். அம்மாவுக்கு மனசு லேசாகிவிட்டது. தெருவில் எல்லோரிடமும் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறாள். வாசல் அறையை யாருக்கும் விட மாட்டாளாம். பாயின் சரக்கை முஷ்டாக் கட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார், அறையில் ஒன்றுமில்லை, இருந்தும் பூட்டியிருக்கிறது.

டிசம்பரில் நீ வந்ததும் அம்மா இதைத்தான் முதலில் கேட்பாள். நான் அப்படி எழுதவே இல்லை என்று சொல்லிவிடு. அவள் நம்புவாள். என்னிடம் எதுவும் சொல்ல வேண்டாம்.

உன் உடம்பை விசாரித்ததாக அம்மா எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன்.

பூங்கொடி